யானைச் சங்குக்குப் புதுப் பற்றறி

சிவரூபி ரீச்சருக்கு,

உங்கள் அப்பாவின் நினைவாக அச்சடிக்கிற கல்வெட்டுப் புத்தகத்துக்கு ஒரு பக்கம் எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள். கொப்பித் தாளுக்கே தட்டுப்பாடான இந்த நாட்களில், நீங்கள் தந்த ஆறு தாளையும் நிரப்பிவிட்டேன். மன்னிக்கவும். வயறிங் வேலை செய்கிறவனிடம் எழுத்துக் கேட்டால் இதுதான் நடக்கும். ஒரு முனையைப் பிடித்தால் மற்ற முனை எங்கே போகிறது என்று பார்க்காமல் கை நிற்காது.

கல்வெட்டுகள் நான் நிறைய வாசித்திருக்கிறேன். முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்குப் போனால் பாயாசத்தோடு ஒன்றைக் கையில் திணித்துவிடுவார்கள். அவற்றில் செத்தவர் எல்லோரும் ஒரே ஆள்தான். கோபமே வராதவர், வந்தவருக்கெல்லாம் சோறு போட்டவர். எங்கள் ஊரில் கசிப்புச் சாராயம் காய்ச்சிய ஒருவரையே 'தாகம் தீர்த்த தகையாளர்' என்று வெண்பாவில் போட்டார்கள். உங்கள் அப்பா சிற்றம்பலம் ஐயாவைப் பற்றி நானும் அப்படி நாலு வரி எழுதியிருக்கலாம். ஆனால் நீங்கள், "சங்கைப் பற்றி உள்ளதை உள்ளபடி எழுதுங்கோ அண்ணை" என்று கேட்டீர்கள். கேட்டதால் எழுதுகிறேன்.

போன ஐப்பசியில் சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணமே எழும்பி வன்னிக்கு வந்தபோது, ஒரு டொக்டருடைய வான் மண்ணெண்ணெயில் இருமி இருமி வந்து ஒட்டுசுட்டானில் என் கடை வாசலில் மூச்சை விட்டது. கள்ளர் தொட்டால் கத்துகிற சங்கு ஒன்றை அதற்குக் கொழும்பில் பூட்டியிருந்தார்கள். பெற்றோலைப் போத்தலில் கண்டால் கும்பிடுகிற ஊர் இது. வானைக் களவெடுக்கிறவன் அதைத் தள்ளிக்கொண்டுதான் போகவேண்டும். சங்குக்கு இதெல்லாம் தெரியுமா? தூரத்தில் ஷெல் விழுந்தாலும் கத்தியது, ஆடு வந்து முதுகு உரசினாலும் கத்தியது. டொக்டர் காதைப் பொத்திக்கொண்டு, "இந்தச் சனியனைக் கழட்டி எறியுங்கோ" என்றார். நான் குறட்டை எடுத்து அதன் வயரை வெட்டினேன். அப்போதுதான் அது உண்மையில் கத்தத் தொடங்கியது. சந்தியில் நின்ற சனம் முழுவதும் பதுங்குகுழிக்குள் பாய்ந்தது. கீரை விற்கிற வடிவம்மா, கீரைக் கட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பாய்ந்து, இன்னும் என்னைக் கண்டால் காறித் துப்புகிறார்.

கள்ளன் முதலில் வயரை வெட்டுவான் என்று சங்கைச் செய்தவனுக்குத் தெரிந்திருக்கிறது. அதற்காகச் சங்கின் வயிற்றுக்குள்ளேயே ஒரு சின்னப் பற்றறி வைத்திருந்தான். வெளியில் இருக்கிற பெரிய பற்றறியிலிருந்து மின்சாரம் வந்துகொண்டிருக்கும்வரை சங்கு வாயை மூடிக்கொண்டிருக்கும். வயர் அறுந்தால், உள்ளே இருக்கிற சின்னப் பற்றறி கத்தவைக்கும். இதைக் கண்டதும் எனக்கு ஒரு யோசனை வந்தது. எனக்குத்தான் வந்தது, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். வயரை அறுக்கிறதில் எங்கள் பகுதி யானைகளைவிடக் கெட்டிக்காரக் கள்ளன் எங்கே இருக்கிறான்?

உங்கள் வயல் காட்டு ஓரம். முத்தையன்கட்டுப் பக்கமிருந்து வருகிற யானைகள் முதலில் கால் வைப்பது அங்கேதான். யானை வெடி தடை, மண்ணெண்ணெய் தங்க விலை. ஐயா பாலை மரத்துப் பரணில் ஏறிப் படுத்துக்கொண்டு தகரத்தில் தட்டிக்கொண்டிருந்தார். நான்தான் போய், வயலைச் சுற்றி மெல்லிய வயர் இழுத்து, பழைய உழவு இயந்திரப் பற்றறியில் கொழுவி, சங்கைக் கம்பத்தில் பூட்டினேன். தை மாதத்தில் இரண்டு முறை யானை வந்து வயரை அறுத்தது. இரண்டு முறையும் சங்கு போட்ட கூச்சலில் அது வந்த வழியே, வேலியையும் இழுத்துக்கொண்டு ஓடியது. அதற்குப் பிறகு ஐயா பரணைக் கைவிட்டார். அறுபத்துநாலு வயதில் அந்த முழங்காலோடு ஏணியில் ஏறுவது பெரும்பாடு. கீழே ஒரு கொட்டில் போட்டுக் கட்டிலில் நீட்டி நிமிர்ந்து படுத்தார். அந்தக் கொட்டிலுக்குத் தென்னங்கிடுகு கட்டினதும் நான்தான்.

பிறகு வயல் செய்கிற கமக்காரரின் சங்கம் கூட்டம் வைத்தது. ஐயாதானே தலைவர், சங்கத்துக்குத் தன்னைத்தானே பாராட்டத் தலைவர் அனுமதி கொடுத்தார். மாலை போட்டார்கள். பொன்னாடை கிடைக்காததால் இடுப்பில் கட்டுகிற புதுச் சாரம் ஒன்றை மடித்துப் போர்த்தினார்கள். ஐயா எழும்பி, "யோசனை என்ரதான். வயரைப் பூட்டினது எங்கட அப்புத்துரை" என்றார். சனம் கை தட்டியது. எனக்கு ஒரு தேத்தண்ணியும் பனங்கட்டித் துண்டும் தந்தார்கள். பனங்கட்டி நல்ல பனங்கட்டிதான். அன்றிலிருந்து ஊர் அதைச் 'சிற்றம்பலம் சங்கு' என்று சொல்லத் தொடங்கியது.

வீட்டுக்கு வந்து என் மனைவி அமராவதியிடம் இதைச் சொன்னேன். அவள் உலைக்கு அரிசி போட்டுக்கொண்டே, "இருங்கோ, உங்களுக்கு யானை வந்து மாலை போடும்" என்றாள். நான் சிரித்தேன். எனக்குப் பெயர் ஆசை கிடையாது.

மாசி மாதம் சங்கின் குரல் கம்மியது. உள்ளே இருந்த சின்னப் பற்றறி கிழண்டிவிட்டது. புதிது வேண்டும். வன்னிக்குள் பற்றறி கொண்டுவர ஆமி தடை; ஒன்று வருவதென்றால் சாமி வரம் தந்த மாதிரி. நீங்கள் சோதனைத் தாள் திருத்த வவுனியாவுக்குப் போனீர்கள். திரும்பி வரும்போது அந்தப் பற்றறியைக் கறுத்தத் துணியில் சுற்றி, கொண்டைக்குள் வைத்து, மேலே கனகாம்பரம் சூடி, தாண்டிக்குளம் சோதனைச் சாவடியைக் கடந்து வந்தீர்கள். உங்கள் குடையை விரித்துப் பார்த்தார்கள், சோற்றுப் பார்சலைக் கிளறிப் பார்த்தார்கள், பூவுக்குள் பார்க்கவில்லை. பிடிபட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். என் கடையில் வந்து கொண்டையை அவிழ்த்து அதை மேசையில் வைத்தீர்கள். "அப்பா கீழ படுக்கிறார் அண்ணை. இது இல்லாட்டி எனக்கு நித்திரை வராது" என்றீர்கள். ஒரு பெண் தகப்பனுக்காக இவ்வளவு செய்ததைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது. இதைக் கல்வெட்டில் போடலாம்.

அந்த நேரம் சங்கும் என் கடையில்தான் இருந்தது. பழுதுபார்க்கக் கொண்டுவந்து தந்துவிட்டு, ஐயா மூன்று நாளாகத் திரும்பவும் பரணில் படுத்துக்கொண்டிருந்தார். அந்த மூன்று நாளில் நான் ஒரு சின்னப் பரிசோதனை செய்தேன். உங்களுக்குத் தெரியும், செத்த பற்றறியை உப்புத் தண்ணீரில் அவித்து வெயிலில் காயவைத்தால் கொஞ்ச நேரம் உயிர் வரும். வன்னியில் எல்லா வீட்டுக் கூரையிலும் வடகத்துக்குப் பக்கத்தில் பற்றறி காய்கிறது. என் றேடியோவுக்கென்று விரல் அளவுப் பற்றறிகள் கொஞ்சம் அப்படிக் காயவைத்திருந்தேன். அதில் ஆறைச் சங்குக்குள் வைத்து, சாக்கில் சுற்றி, பாழ் கிணற்றுக்குள் இறக்கி, எவ்வளவு நேரம் கத்துகிறது என்று மணிக்கூட்டில் பார்த்தேன். அமராவதி குசினிக்குள்ளிருந்து, "கிணத்துக்க ஆரை வைச்சு அறுக்கிறியள்?" என்று கேட்டாள். தொண்ணூறு செக்கன் கத்தியது. சும்மா ஓர் ஆர்வத்தில் பார்த்ததுதான்.

பங்குனி ஒன்பதாம் தேதி, சனிக்கிழமை. சங்கை எடுக்க ஐயா கடைக்கு வந்தார். நான் மேசையில் அதைக் கவிழ்த்து வைத்துத் திருகாணிகளைக் கழற்றினேன். அடியில் நாலு திருகாணி. ஐயா வாசலில் கிடந்த வாங்குப் பலகையில் இருந்துகொண்டு, பக்கத்துப் பேக்கரியில் பாணுக்கு வரிசையில் நின்ற ஆட்களுக்கு, தான் எப்படிச் சங்கைக் கண்டுபிடித்தார் என்று விளங்கப்படுத்தினார். டொக்டரின் வானைத் தானே மறித்தாராம். வயரை வெட்டச் சொன்னதும் தானாம். மூன்றாவது திருகாணி கழன்றபோது, "அப்புத்துரை நல்ல வேலைகாரன், சொன்னதைச் செய்வான்" என்றார். நாலாவதையும் கழற்றினேன்.

பழைய பற்றறியை வெட்டி எடுத்தேன். உங்கள் பற்றறியை ஐயாவுக்குத் தூக்கிக் காட்டினேன். அவர், "ஓம் ஓம், பூட்டு" என்று சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து தன் கதையைத் தொடர்ந்தார். நான் உங்கள் பற்றறியை மேசை லாச்சிக்குள் போட்டேன். கூரையில் காய்ந்ததில் வேறு ஆறை எடுத்துச் சேர்த்துக் கட்டி, ஈயம் பற்றவைத்துச் சங்குக்குள் பூட்டினேன். பெரிய பற்றறியிலிருந்து சின்னப் பற்றறிக்கு மின்சாரம் ஏறுகிற வயர் ஒன்று உண்டு. அதையும் வெட்டினேன். பிறகு சங்கைப் பதினைந்து செக்கன் கத்தவிட்டேன். வரிசை முழுவதும் நிலத்தில் படுத்தது. ஐயா மட்டும் வாங்கில் நிமிர்ந்து இருந்து சிரித்தார்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்பீர்கள். அடுத்த கிழமை ஞாயிறு உலகக் கோப்பைக் கிரிக்கெட் இறுதி ஆட்டம். என் றேடியோவுக்குப் பற்றறி இல்லை. வன்னியில் இருந்துகொண்டு கொழும்பு அரசாங்கத்தின் அணி வெல்லவேண்டும் என்று நினைக்கலாமா என்று சில பேர் என்னைக் கேட்டார்கள். நான் எந்த அணிக்கும் ஆதரவில்லை, பந்துக்கு மட்டும்தான் ஆதரவு என்று சொன்னேன். வாழ்க்கையில் ஒரு நாள் ஓர் ஆட்டத்தைத் தடங்கலில்லாமல் கேட்கவேண்டும் என்று ஒரு மனிதனுக்கு ஆசை இருக்கக்கூடாதா? ஆட்டம் முடிந்ததும் உங்கள் பற்றறியைத் திரும்பப் பூட்டிவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

சங்கைக் கையில் கொடுக்கும்போது நான் ஐயாவுக்கு ஒரு புத்தி சொன்னேன். "ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஒருக்காக் கத்தவிட்டுப் பாருங்கோ ஐயா. பத்து எண்ணுமட்டும் விடுங்கோ. அப்பதான் நம்பிக்கை." அவருக்கு அது நன்றாகப் பிடித்துக்கொண்டது. வேலை முடிந்து ஆட்கள் வரம்பால் வீட்டுக்குப் போகிற நேரமாகப் பார்த்து, ஒவ்வொரு நாளும் ஆறு மணிக்கு வயரைக் கழற்றிச் சங்கைக் கத்தவிட்டார். கடையில் இருந்தே எனக்குக் கேட்கும். நானும் இங்கே இருந்து பத்து எண்ணுவேன். கடையில் பதினைந்து, பிறகு நாளுக்குப் பத்துப் பத்தாக. கணக்கு உங்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை, நீங்கள் ரீச்சர். எட்டாம் நாள் எண்ணிக்கை ஆறைத் தாண்டும்போது குரல் இழுபட்டது.

அடுத்த நாள்தான் ஆட்டம். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஐயா சைக்கிளை உருட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். வெயிலில் முகம் கறுத்திருந்தது.

"அப்புத்துரை, சத்தம் இளைச்ச மாதிரிக் கிடக்கு. பிள்ளை கொண்டந்த பற்றறி சரியில்லையோ?"

"புதுசு அப்பிடித்தான் ஐயா. நாளைக்குக் கொண்டு வாங்கோ, பாப்பம். இண்டைக்கு மட்ச் எல்லே."

"தனியன் யானை ஒண்டு நேற்றுக் குளக்கட்டில நிண்டதாம். அப்ப இண்டைக்குப் பரணில ஏறிப் படுக்கட்டே?"

அவர் அதைக் கேட்டுவிட்டுக் காத்துக்கொண்டு நின்றார். முழங்காலை ஒரு கையால் தடவினார். ஊருக்கே தலைவர், மாலை போட்ட மனிதர், என்னிடம் அனுமதி கேட்டுக்கொண்டு நின்றார். எனக்கு அந்த நேரம் நன்றாக இருந்தது. அதை மறைத்து என்ன செய்ய?

"அந்த முழங்காலோட ஏன் ஐயா ஏறுறியள்? கீழ படுங்கோ. அது கத்தும்," என்றேன்.

"நீ சொன்னாச் சரி," என்றார். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார். அன்று மாலை ஆறு மணிக்குச் சங்கு கத்தவில்லை. பற்றறியை மிச்சம் பிடிக்கிறார் என்று விளங்கியது. எனக்குக் கொஞ்சம் பாவமாகவும் இருந்தது.

ஆட்டத்தை நான் முழுவதும் கேட்டேன். ஓட்டம் ஓட்டமாகச் சொல்லட்டுமா? சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றி, டைனமோவை றேடியோவுக்குக் கொழுவி, நானே ஏறி மிதித்தேன். மிதியை விட்டால் வர்ணனையாளர் செத்துப்போவார், வேகமாக மிதித்தால் கீச்சிடுவார். கடைசி ஓட்டம் எடுக்கும்போது என் சாரம் நனைந்து பிழியலாம் போல இருந்தது. அமராவதி, "வெண்டது அவங்களோ நீங்களோ?" என்று கேட்டாள்.

மறுநாள் காலை வடிவம்மாதான் ஓடிவந்து சொன்னார். தனியன் யானை கிழக்குப் பக்கத்து வயரை அறுத்துக்கொண்டு வந்திருக்கிறது. கொட்டில் இருந்த இடத்தில் கிடுகு மட்டும்தான். மிச்சத்தை நீங்களே பார்த்தீர்கள், நான் எழுதத் தேவையில்லை. கம்பத்தில் சங்கு அப்படியே இருந்தது. சனம் என்னைக் கூப்பிட்டுக் காட்டியது. நான் ஏறி, கழற்றிப் பார்த்து, எல்லோருக்கும் முன்னால், "பற்றறி சரியில்லை" என்றேன். அதில் பொய் இல்லை. பற்றறி சரியில்லைத்தான்.

வவுனியாக் கடைக்காரன் பெட்டையை ஏமாற்றிவிட்டான் என்று சனம் கதைத்தது. நீங்கள் நிலத்தில் இருந்து, "நான் கொண்டந்த பற்றறிதான் அப்பாவைக் கொன்றுபோட்டுது" என்று தலையில் அடித்து அழுதீர்கள். நான்தான் உங்கள் கையைப் பிடித்து நிறுத்தி, சோடா உடைத்துத் தந்தேன். செத்தவீட்டுப் பந்தலுக்கு லைற் பூட்டினதும் நான். எட்டாம் நாள் எட்டுச் செலவுப் படையலுக்கு வந்தபோதும் நீங்கள் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். மெலிந்து போயிருந்தீர்கள். பள்ளிக்கூடத்துக்கும் போகிறதில்லையாம்.

உங்கள் மனம் ஆறவேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். அப்படித்தான் நேற்று இந்த வரியை எழுதினேன். இன்று திரும்ப வாசித்தால் அது சரியில்லை. நீங்கள் மூன்று கிழமையாக அழுகிறீர்கள், மூன்று கிழமையும் நான் ஒரு சொல் எழுதவில்லை. போன வியாழன் கல்வெட்டுக்கு எழுதிய முதல் தாளைக் கொண்டுவந்து, பிழை திருத்தித் தாருங்கள் என்று என் கையில் தந்தீர்கள். 'யானைச் சங்கைக் கண்டறிந்து ஊர் காத்த உத்தமர்' என்று முதல் வரியிலேயே இருந்தது. வாசித்ததும் எனக்கு நெஞ்சு எரிந்தது. ஆளைச் சுடலை வரைக்கும் கொண்டுபோய் விட்டாயிற்று, இன்னும் சங்கு அவருடையது. நீங்கள் போனதும்தான் நான் பேனாவைத் திறந்தேன்.

ஆகையால் உள்ளதை எழுதிவிடுகிறேன். றேடியோவுக்குப் பற்றறி தேவைப்படவில்லை. டைனமோ இருந்தது, அது எனக்கு முன்பே தெரியும். தொண்ணூறு செக்கன் என்று தெரியும். ஐயா ஒவ்வொரு நாளும் கத்தவிட்டுப் பார்ப்பார் என்று தெரியும், சொல்லிக் கொடுத்ததும் நான். தனியன் குளக்கட்டில் நிற்பதை அவர் சொல்ல முன்பே சந்தியில் சொல்லிவிட்டார்கள். அவர் பரணில் ஏறட்டுமா என்று கேட்டபோது, அது கத்தாது என்று எனக்குத் தெரியும். கத்தும் என்று சொன்னேன். உங்கள் அப்பாவைக் கொன்றது நான். யானைக்கு இதில் ஒரு கோபமும் இல்லை.

உங்கள் பற்றறியை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். நீங்கள் சுற்றிக் கொண்டுவந்த கறுத்தத் துணியிலேயே சுற்றியிருக்கிறேன். அது நல்ல பற்றறி. வவுனியாக் கடைக்காரன் உங்களை ஏமாற்றவில்லை. ஒரு முறைகூட அதை நான் பாவிக்கவில்லை.

இதை வாசித்ததும் நீங்கள் யாரிடம் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டுமோ கொடுங்கள். நான் ஓடமாட்டேன், கடையில்தான் இருப்பேன். அமராவதிக்கு இன்னும் சொல்லவில்லை, அதை மட்டும் நீங்கள் சொல்லிவிட்டால் உதவியாக இருக்கும். எனக்குக் கோபம் எதுவும் இல்லை. பெயர் ஆசையும் கிடையாது என்று முன்பே எழுதியிருக்கிறேன்.

கல்வெட்டு அச்சுக்குப் போகும்போது ஒரு சின்னத் திருத்தம். முதல் பக்கத்தின் அடியில், 'சங்கை யோசித்து அமைத்தவர்: கணபதி அப்புத்துரை, ஒட்டுசுட்டான்' என்று போடச் சொல்லுங்கள். எழுத்து ஐயாவின் பெயரைவிடப் பெரிதாக இருக்கவேண்டாம், அதே அளவு போதும்.